கீழறைச் சுவரில் நீர் கசிகிறது: பூசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது எங்கள் வீடு. 2014இல் கட்டியது. தரைமட்டத்துக்குக் கீழே நாலரை அடியும் மேலே மூன்றடியுமாகப் பாதி புதைந்த கீழறை ஒன்று உண்டு. 20க்கு 15 அடி. சுற்றிலும் எட்டு அங்குலக் கான்கிரீட் சுவர். அரிசி மூட்டை, விசேஷங்களுக்கான பாத்திரங்கள், இன்வெர்ட்டர் எல்லாம் அங்கேதான். வடக்குச் சுவரில் வெளிச்சத்துக்காக வைத்த சிறிய சன்னலின் மூலையிலிருந்து தரைவரை ஒரு விரிசல் இறங்குகிறது. மழை பிடித்த இரண்டாம் நாள் அதில் நீர் கசிய ஆரம்பிக்கும். சுவரும் தரையும் சேரும் இடத்திலும் ஊறும். மழை விட்டுப் பத்து நாள் ஆனாலும் நிற்பதில்லை. முதலில் நீர்த்தடுப்புப் பெயின்ட் அடித்தோம். பிறகு ஒரு மேஸ்திரி ஏதோ கெமிக்கல் கலந்து அந்தச் சுவர் முழுவதும் பூசிக்கொடுத்தார். அடுத்த மழையில் பூச்சு உப்பிக்கொண்டு பாளம் பாளமாக விழுந்தது. மூன்றடி தள்ளிப் புதிதாக ஒரு கசிவும் வந்துவிட்டது. இப்போது இன்னொருவர் நான்கு சுவரையும் தரையையும் சேர்த்துப் பூச ஒன்றேகால் லட்சம் கேட்கிறார். மணலைக் கொட்டி அறையையே மூடிவிடலாம் என்கிறார் என் கொழுந்தனார். கணவர் மஸ்கட்டில் வேலையில் இருக்கிறார். வீடு இறங்கிவிடுமோ என்று மாமியாருக்கு ஒரே பயம். வெளியே தண்ணீர் தேங்குவதும் கிடையாது. மொட்டைமாடிக் குழாய்கள் இரண்டும் அந்தப் பக்கம்தான் இறங்குகின்றன, சுவரை ஒட்டி நாலடியில் மழைநீர்க் குழி இருப்பதால் எல்லாம் அதற்குள் போய்விடுகிறது. நாங்கள் என்னதான் செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

மாமியாரின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சன்னல் மூலையிலிருந்து செங்குத்தாக இறங்கும் மெல்லிய விரிசல், கான்கிரீட் சுவர்களில் மிகச் சாதாரணமாக வருவது. கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கும் இழுவை திறப்புகளின் மூலையில் குவியும், அங்கே பிளக்கும். பெரும்பாலும் கட்டிய முதல் ஓரிரு ஆண்டுகளில் வந்து அப்படியே நின்றுவிடும். வீட்டை இறக்கக்கூடிய விரிசல்களின் முகம் வேறு. சுவரின் நடு உயரத்தில் படுக்கைவாட்டில் ஓடி, அந்த இடத்தில் சுவர் அறைக்குள் சற்றே துருத்திக்கொண்டிருந்தால் அது ஆபத்து: வெளிமண்ணும் நீரும் தள்ளுவதைச் சுவர் தாங்கவில்லை என்று அர்த்தம். மாடிச் சுவர்களில் படிக்கட்டுபோல் விரிசல் ஏறினாலும், நன்றாகச் சாத்திய கதவுகள் திடீரென்று நிலையில் உரசினாலும், அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை. இருந்தாலும் நூல் கட்டி ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, இடுப்பு உயரத்தில், இரண்டு முனையிலும் ஒரே அளவு கட்டை வைத்து நூலை இறுக்கிப் பிடித்தால், நடுவில் சுவர் நூலை நெருங்குகிறதா என்று கண்ணாலேயே தெரியும்.

விரிசலின் அகலத்தையும் வீட்டிலிருக்கும் பொருள்களைக் கொண்டே அளக்கலாம். அச்சுத்தாள் ஒன்றின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், ஏ.டி.எம். அட்டை 0.76 மில்லிமீட்டர். மண்ணையும் நிலத்தடி நீரையும் தொட்டு நிற்கும் கான்கிரீட்டில் விரிசல் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 456, கடலோரம் போன்ற கடுமையான சூழலில் 0.1 மில்லிமீட்டர்தான். பூச்சைச் சுரண்டிவிட்டுக் கான்கிரீட்டிலேயே பாருங்கள். பூச்சில் தெரியும் அகலம் ஏமாற்றும். மடித்த தாள் நுழைந்தால் அடைக்க வேண்டிய விரிசல். ஏ.டி.எம். அட்டை நுழைந்தால் மேஸ்திரியை அழைக்காதீர்கள், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழையுங்கள்.

அகலத்தைவிட முக்கியம், அது இன்னும் அசைகிறதா என்பது. கண்ணாடிக் கடையில் விரலகலத்தில் மெல்லிய துண்டுகள் மூன்று வெட்டி வாங்குங்கள். விரிசலின் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களிலும் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளை மட்டும் எபாக்ஸி பசையால் கான்கிரீட்டில் ஒட்டுங்கள். பக்கத்தில் தேதியைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். கண்ணாடிக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. விரிசல் நகர்ந்தால் அது உடைந்துவிடும். இரண்டு மூன்று மாதம் உடையாமல் இருந்தால் உங்களுடையது உறங்கும் விரிசல், அடைத்தால் நிற்கும். உடைந்தால் எந்தப் பொருளை வைத்து அடைத்தாலும் பக்கத்தில் இன்னொரு கோடு பிளக்கும்.

ஒரு சிறு சுத்தியலும் எடுத்துக்கொள்ளுங்கள். விரிசலின் இருபுறமும், புதிதாகக் கசியும் இடத்தைச் சுற்றியும் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்ல கான்கிரீட். பொத்தென்று கேட்டால் ஒன்று, வார்த்தபோது சிமெண்ட் பால் சேராமல் ஜல்லி தேன்கூடாக நின்றிருக்கிறது. அல்லது உள்ளே கம்பி துருப்பிடித்து மேற்பரப்பைத் தள்ளுகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கசிவோடு பழுப்புக் கறை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் அது சுண்ணாம்பும் உப்பும், பெரிய பயமில்லை. பழுப்பு என்றால் கம்பி நனைகிறது. கடற்காற்றும் உப்புநீரும் உள்ள நம் ஊரில் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி நீர். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி கடைசி வரிதான். வெளியே தண்ணீர் தேங்குவதில்லை என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். அது எங்கே போகிறது என்று கணக்குப் பாருங்கள். உங்கள் மொட்டைமாடியை 1,200 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 11,000 லிட்டருக்கு மேல். ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் 10 சென்டிமீட்டர் நமக்குப் புதிதல்ல. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்தக் கணக்கில் உங்கள் மாடித் தண்ணீர் மட்டும் ஐம்பதாயிரம் லிட்டர். அவ்வளவும் விரிசல் விட்ட சுவரிலிருந்து நாலடியில், சுவரின் பாதத்தருகே மண்ணுக்குள் இறங்குகிறது. கட்டியவர் கெட்ட எண்ணத்தில் வைத்ததில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். குழாய் இறங்கும் இடத்தில் குழி தோண்டிவிட்டார்கள். கீழறை இல்லாத வீட்டில் அது சரிதான். கீழறை உள்ள வீட்டில் அந்தக் குழி சுவருக்கு எதிரியாகிவிடும்.

அந்த நீர் சுவரை எவ்வளவு தள்ளும் என்பதைத் தெரிந்துகொண்டால் பூச்சு ஏன் விழுந்தது என்பது புரிந்துவிடும். ஒரு மீட்டர் ஆழ நீர், சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம் தரும். வெளிமண் தரைமட்டம்வரை ஊறிவிட்டால் உங்கள் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு சுமார் 1.4 டன். இருபதடி நீளச் சுவர் முழுவதற்குமாகச் சேர்த்தால், மண்ணின் தள்ளலை விட்டுவிட்டு நீர் மட்டுமே ஐந்தரை டன்னுக்கு மேல் தள்ளுகிறது. விரிசல் வழியாக உள்ளே வந்த நீர் பூச்சின் முதுகில் நின்று அதே அழுத்தத்தோடு அதைப் பிய்க்கிறது. சுவரோடு ஒட்டிநிற்க வேண்டிய பூச்சைச் சுவரின் பக்கமிருந்தே தள்ளுகிறது. எந்தக் கெமிக்கலாக இருந்தாலும் ஒரு நாள் தோற்கும். தோற்காமல் ஓரிடத்தில் பிடித்துக்கொண்டாலும், நீர் கான்கிரீட்டுக்குள் அடுத்த பலவீனத்தைத் தேடிப் போகும். உங்களுக்கு மூன்றடி தள்ளி வந்த புதுக் கசிவு அப்படி வந்ததாகத்தான் இருக்கும். பெரும்பாலும் வார்ப்புப் பலகையை இறுக்கிப் பிடிக்கச் சொருகிய கம்பியின் துளை, சரியாக அடைக்காமல் விட்டது. ஆகவே நான்கு சுவரையும் தரையையும் பூச ஒன்றேகால் லட்சம் கொடுக்காதீர்கள். கசியாத மூன்று சுவருக்கு நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

ஆனால் குழிதான் முழுக் காரணம் என்று இப்போதே முடிவுகட்டவும் நான் தயாராக இல்லை. மழை பெய்த சில மணி நேரத்தில் கசிந்து, மழை விட்டதும் நின்றால் மாடி நீர், முற்றத்து நீர். இரண்டாம் நாள் தொடங்கிப் பத்து நாள் நீடித்தால் நிலத்தடி நீர்மட்டமே ஏறியிருக்கலாம். மஞ்சக்குப்பம் கெடிலத்துக்கு அருகில் இருப்பது. மழைக்காலத்தில் நீர் அங்கே மேலே வருவது இயல்பு. குழி மெதுவாக உறிஞ்சினாலும் இதே அறிகுறிதான் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அக்கம்பக்கத்தில் பழைய கிணறு ஏதாவது மூடாமல் இருந்தால், கயிற்றில் கல் கட்டி இறக்கித் தரையிலிருந்து எத்தனை அடியில் நீர் நிற்கிறது என்று அளந்து வையுங்கள். நாலரை அடிக்கும் குறைவாக இருந்தால் நிலத்தடி நீர் உங்கள் கீழறைத் தரைக்கு மேலே நிற்கிறது. அதைவிட நல்ல சோதனை, மாசி பங்குனியில் கிணறு நன்றாக இறங்கி, சுவரும் காய்ந்தபின், ஒரு லாரித் தண்ணீர் வாங்கிக் குழிக்குள் விட்டுப் பார்ப்பது. இரண்டு நாளுக்குள் விரிசல் நனைந்தால் குற்றவாளி குழிதான் என்று உறுதியாகிவிடும். நனையாவிட்டால் நிலத்தடி நீர். தண்ணீர் லாரிக்குக் கொடுக்கும் பணம், தவறான வேலைக்குக் கொடுக்கப்போகும் லட்சத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வேறு இரண்டு நீர்களையும் விலக்கிவிடுங்கள். செப்டிக் டேங்க் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. கசியும் நீரில் வாடை இருந்தாலோ தொட்டால் வழுவழுப்பாக இருந்தாலோ அங்கே சந்தேகப்படுங்கள். தரைத்தொட்டி அருகில் இருந்தால், இரவில் நிரப்பி, வால்வை மூடி, நீர்மட்டத்தில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு மறுநாள் இரவு பாருங்கள். யாரும் மோட்டார் போடாமல் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியே ஒழுகுகிறது. கோடையிலும் கீழறையில் ஈரம் தெரிகிற வீடுகளில் பாதிக் கதை தரைத்தொட்டியில்தான் இருக்கும்.

எந்தச் சோதனைக்கும் காத்திருக்காமல் இந்த வாரமே செய்ய வேண்டியது, மாடிக் குழாய்களைத் திருப்புவது. இரண்டு இறங்குகுழாய்களின் முனையிலும் பி.வி.சி. குழாய் சேர்த்து, வீட்டின் முன்பக்கமோ பின்பக்கமோ கீழறைச் சுவரிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளிப் புதுக் குழிக்குக் கொண்டுபோங்கள். கிணறோ பயன்படாத ஆழ்துளைக் கிணறோ இருந்தால் வடிகட்டித் தொட்டி வைத்து அதில் விடுவது இன்னும் நல்லது. பழைய குழியை மட்டும் இப்போதே மூட வேண்டாம்; மேலே சொன்ன லாரித் தண்ணீர்ச் சோதனை முடிந்த பிறகு அதன் ஜல்லியை எடுத்துவிட்டுக் களிமண் கலந்த மண்ணால் அடுக்கடுக்காகத் திமிசு போட்டு மூடுங்கள். மணலால் மூடாதீர்கள், அது குழியாகவே வேலை செய்யும். அந்தப் பக்கத்துச் சந்தின் தரை சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சாய வேண்டும். பத்தடிக்கு ஆறு அங்குலம் என்ற வாட்டம், சந்து குறுகலாக இருந்தாலும் அதே விகிதம். சுவரும் தரையும் சேரும் விளிம்பைச் சிமெண்ட் கலவையால் குழைவாகத் திருப்பிவிடச் சொல்லுங்கள். சுவரோரம் துளசி மாடமோ பூச்செடியோ வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் இடம் மாற்றிவிடுங்கள்.

பல வீடுகளில் கசிவு இந்த அளவிலேயே முக்கால்வாசி குறைந்துவிடும். ஆனாலும் விரிசல் விரிசல்தான். அதை அடைத்தே ஆக வேண்டும்.

கடைக்காரர் இரண்டு பெயர்கள் சொல்வார்: எபாக்ஸி, பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன். எபாக்ஸி கான்கிரீட்டை மீண்டும் ஒன்றாக ஒட்டி வலிமை தரும். ஆனால் காய்ந்த விரிசலில்தான் சரியாகப் பிடிக்கும். ஈரம் காணும் விரிசலுக்கு, வளைந்துகொடுக்கும் பி.யூ.வைப் பம்பால் அழுத்தி விரிசலுக்குள் ஏற்றும் ஊசிவேலைதான் ஏற்றது. நம் ஊர்க்காரர்கள் பி.யூ. கிரவுட்டிங் என்பார்கள். கண்ணாடித் துண்டுகள் உடையாமல் இருந்தால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான்.

வேலை எப்படி நடக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறேன். அருகில் நின்று பார்ப்பவர் நீங்கள்தானே. விரிசலின் இருபுறமும் ஆறு அங்குலத்துக்குப் பழைய பூச்சு முழுவதும் உளியால் கொத்தி எடுக்கப்பட்டு, கான்கிரீட் தெரிய வேண்டும். பிறகு விரிசலிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, 45 டிகிரி சாய்வாகத் துளை போடுவார்கள். எட்டு அங்குலச் சுவரில் அந்தத் துளை சரியாகச் சுவரின் நடு ஆழத்தில் போய் விரிசலை வெட்டும். விரிசலின்மேலேயே நேராகத் துளைத்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். கோடு நேராக உள்ளே போவதில்லை, துளை அதைத் தவறவிட்டுவிடும். ஒரு துளை இடப்புறம், அடுத்தது வலப்புறம் என்று மாறிமாறி, ஆறு முதல் எட்டு அங்குல இடைவெளியில் மேலே ஏற வேண்டும். டிரில் கம்பியில் மோதினால் கம்பியை அறுக்காமல் துளையை நகர்த்த வேண்டும். ஒவ்வொரு துளையையும் கழுவித் தூளை வெளியேற்றிய பிறகு, பேக்கர் என்ற திருகுமுனைகளைப் பொருத்துவார்கள்.

பி.யூ. மருந்தை ஏற்றுவது கீழிருந்து தொடங்க வேண்டும். அடிப் பேக்கரில் பம்பை மாட்டி மெதுவாக அழுத்தினால், முதலில் விரிசலிலிருந்து நீர் பிதுங்கி வரும். பிறகு நுரை கலந்த நீர். கடைசியில் மஞ்சள் நிற நுரை விரிசலின் வாயில் புடைத்து நிற்கும். அது அடுத்த பேக்கர் உயரத்துக்கு வந்ததும் கீழே நிறுத்தி மேலே போக வேண்டும். அவசரக்காரர்கள் மேலிருந்து தொடங்கி நீரை உள்ளேயே சிறைவைத்துவிடுவார்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: நீரை உடனே நிறுத்தும் நுரை வகை வேறு, அதன் பிறகு நிரந்தரமாக ஏற்ற வேண்டிய ரப்பர்போல் வளையும் ரெசின் வேறு. நுரையோடு நிறுத்திவிட்டுப் பணம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. நுரைக்குள் சிறு துவாரங்கள் இருக்கும். நாளடைவில் நீர் அதில் வழி கண்டுபிடிக்கும். இரண்டாவது ஏற்றமும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

சுவரும் தரையும் சேரும் இடத்தை மறக்கவே கூடாது. முதலில் தரைக் கான்கிரீட்டை வார்த்து, சில நாள் கழித்து அதன்மேல் சுவரை எழுப்பியிருப்பார்கள். பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒன்றோடொன்று உருகிச் சேர்வதில்லை. அந்த இணைப்பில் பி.வி.சி. வாட்டர்ஸ்டாப் பட்டை புதைத்திருந்தால் நீர் வராது. உங்களுக்கு ஊறுவதைப் பார்த்தால் புதைக்கவில்லை. வடக்குச் சுவர் நெடுக அந்த இணைப்பிலும் அதே முறையில் பேக்கர் போட்டு ஏற்ற வேண்டும். விரிசலை மட்டும் அடைத்து இணைப்பை விட்டுவிட்டால் அடுத்த மழையில் நீர் முழுவதும் இணைப்பு வழியாக வரும்; மருந்து பலிக்கவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். மூன்றடி தள்ளி வந்த கசிவு கம்பித் துளை என்றால், அதைப் பெரிதாக்கி, உள்ளே அகன்றும் வாயில் குறுகியும் குடைந்து, சில நிமிடங்களில் இறுகும் சிமெண்ட் கலவையைக் கையால் அழுத்தி அடைத்தால் போதும்.

இவை எல்லாம் முடிந்து, வெறும் கான்கிரீட்டாகச் சுவர் நிற்கும்போது, வடக்குச் சுவருக்கு மட்டும் கிரிஸ்டலைன் வகைப் பூச்சு ஒன்று அடிக்கலாம். ஈரக் கான்கிரீட்டுக்குள் ஊடுருவிப் படிகமாக வளர்ந்து மயிரிழைத் துவாரங்களை அடைப்பது அதன் வேலை. மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் பூச்சாக இல்லாமல் உள்ளே போவதால் பின்னாலிருந்து வரும் அழுத்தத்துக்கும் அது தாக்குப்பிடிக்கும். அதன்மேல் பட்டி பார்க்காதீர்கள், ஜிப்சம் பூசாதீர்கள்.

தரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உங்கள் கீழறைத் தரை கம்பி போட்டுச் சுவரோடு சேர்த்து வார்த்ததா, அல்லது மண்மேல் வெறுமனே நாலு அங்குலக் கான்கிரீட் போட்டு டைல்ஸ் பதித்ததா என்று கட்டியவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாலு அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 240 கிலோ எடைதான். அந்தக் கான்கிரீட்டின் அடிப்பரப்பைவிட வெளிநீர்மட்டம் பத்து அங்குலம் மேலே ஏறினாலே அந்த எடையைத் தூக்கிவிடும். சுவர்களை முற்றாக அடைத்தபின் டைல்ஸ் பிளந்துகொண்டு எழும்புவது இதனால்தான். வெறும் கான்கிரீட் என்று தெரிந்தால், தாழ்வான மூலையில் இரண்டடிக் குழி ஒன்று எடுத்து, அடியில் ஜல்லி போட்டு, மிதவை வைத்த சிறிய நீர்மூழ்கி மோட்டார் ஒன்றை இறக்கிவிடுங்கள். நீர் வந்தால் தானே ஓடும். கீழறையில் மோட்டார் வைப்பது தோல்வி என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. நிலத்தடி நீர் தரைக்கு மேலே ஏறும் ஊரில், நீரை முற்றிலும் தடுத்துவிட முயல்வதைவிட, வந்தால் போக ஒரு வழி வைப்பது வீட்டுக்கு நல்லது. மழைக்காலத்தில்தான் மின்சாரமும் போகும் என்பதால் அதற்கு இன்வெர்ட்டர் இணைப்பு தேவை. அந்த இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் நாளைக்கே மேல்தளத்துக்கு மாற்றுங்கள். நீர் ஊறும் அறையில் பேட்டரி இருப்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே பயமுறுத்தியது. கீழறை மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிப்பக்கம் தோண்டி, சுவரின் வெளிமுகத்தில் தார் விரிப்பு ஒட்டி, பாதத்தில் துளைக்குழாய் பதித்து, ஜல்லி நிரப்புவதுதான் முறையான வேலை என்று சில பொறியாளர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி. வீடு கட்டும்போதே செய்திருக்க வேண்டியது அது. இப்போது, கட்டி முடித்த வீட்டின் சுவரை ஒட்டி, ஆற்றோர மண்ணில் நாலரை அடி தோண்டுவது வேறு விஷயம். அந்த மண் நிற்காது, சரியும். செய்தே ஆக வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் ஆறடி நீளத்துக்கு மேல் திறக்கக் கூடாது, பலகை முட்டுக் கொடுக்க வேண்டும், அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மண்வெட்டி போகவே கூடாது. பங்குனியிலிருந்து ஆனிக்குள் முடிக்க வேண்டும். குழியை மாற்றி, விரிசலையும் இணைப்பையும் அடைத்து, ஒரு மழைக்காலம் பார்த்து, அதற்குப் பிறகும் கசிந்தால் மட்டுமே அதைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் கொழுந்தனாரின் யோசனைக்கு வருகிறேன். அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார், இருந்தாலும் வேண்டாம். அந்த அறையை நிரப்ப 22 யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் நூறு கன அடி) மணல் வேண்டும். ஈரமானால் அது நூறு டன்னுக்கு மேல். கெடிலக்கரை மண்ணின்மேல், பத்தாண்டுகளுக்கு மேலாக அமைதியாக உட்கார்ந்திருக்கும் வீட்டின் நடுவயிற்றில் திடீரென்று அந்தச் சுமையை ஏற்றினால், இதுவரை இறங்காத அஸ்திவாரம் இறங்கத் தொடங்கலாம். நீரும் நிற்காது, மணலில் ஊறி, மேல்தளச் சுவர்களில் ஓதமாக ஏறும். விரிசலையோ கம்பியையோ யாரும் இனிமேல் பார்க்க முடியாது. பார்க்க முடிகிற பழுதைப் பார்க்க முடியாததாக ஆக்குவதற்கு இவ்வளவு செலவு எதற்கு?

புதுச்சேரியிலிருந்து இதே போன்ற கேள்வியோடு எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய பழைய வீடுகளுக்கு மேலே சொன்ன ஊசிவேலை பொருந்தாது. செங்கல் சுவரில் நீர் ஒரு கோட்டில் வருவதில்லை, சுவர் முழுவதும் உறிஞ்சுகிறது. அங்கே சிமெண்ட் பூச்சை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுக்குத் திரும்புவதும், வெளிநீரை விலக்குவதும்தான் வழி.

ஆளைப் பிடிக்கும்போது சதுர அடிக் கணக்கில் விலை கேட்காதீர்கள். எத்தனை பேக்கர், எத்தனை கிலோ ரெசின், எந்தப் பொருள் என்று எழுதி வாங்குங்கள். தொகையில் ஒரு பகுதியைக் கார்த்திகை மழை முடியும்வரை நிறுத்திவைக்க ஒப்புக்கொள்கிறவருக்கு வேலையைக் கொடுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் இதற்கு மறுக்க மாட்டார். வேலை முடிந்ததும், பழைய குழி இருந்த இடத்தில் இரண்டு நாள் குழாயைத் திறந்துவிட்டு மண்ணை ஊறவைத்துச் சுவரைப் பாருங்கள்; அதன் பிறகு மிச்சப் பூச்சு வேலை.

இடையில் பெருவெள்ளம் வந்து கீழறை நிரம்பிவிட்டால் செய்யக் கூடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்தபோது கடலூர் சுற்றுப்புறத்தில் பலர் வீட்டுக்குள் நீரைப் பார்த்தீர்கள். நீர் வடிந்ததும் பெரிய மோட்டார் வைத்து ஒரே மூச்சில் கீழறையை இறைத்துவிடத் தோன்றும். இறைக்காதீர்கள். வெளிமண் முழுக்க ஊறியிருக்கும்போது உள்ளே இருக்கும் நீர்தான் சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டு, முதல் நாள் ஓரடி மட்டும் இறைத்துச் சுவரில் கோடு போடுங்கள். மறுநாள் காலை நீர் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் வெளியே இன்னும் அழுத்தம் இருக்கிறது, காத்திருங்கள். ஏறாவிட்டால் இன்னும் இரண்டடி. இறைக்கும் நீர் கலங்கி, மணல் துகள் வந்தால் உடனே நிறுத்துங்கள். அஸ்திவாரத்துக்கு அடியிலிருக்கும் மண் கழுவி வருகிறது.

கண்ணாடித் துண்டுகளை இந்த வாரமே ஒட்டிவிடுங்கள். பங்குனியில் குழியில் நீர் விட்டுப் பார்த்த பிறகு, எது உடைந்தது, எந்த இடம் எத்தனை மணி நேரத்தில் நனைந்தது என்று படங்களோடு எழுதுங்கள். தரை எப்படி வார்க்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதினால், பேக்கர்கள் எங்கெங்கே வர வேண்டும் என்று வரைந்தே அனுப்புகிறேன். அதை மேஸ்திரியின் கையில் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கட்டடப் பொறியாளர்